நாற்பத்தேழாம் மரமும் பதினைந்தாவது பல்லும்

விளம்பரப் பலகைகளின் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சாலையோர மரங்களுக்குத் தெரியவில்லை. இந்தக் குறை எழுபத்தொன்றாம் வருஷம்தான் மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. அதுவரை மரங்கள் யாரையும் கேட்காமல் வளர்ந்தன, நிழல் கொடுத்தன, காய்த்தன. கவனத்துக்கு வந்த பிறகு பதினோரு விதிகளும், அவற்றைப் புரிந்துகொள்ள நாற்பது பக்க விளக்கமும், விளக்கத்தை அமல்படுத்தக் காரைக்குடியில் ஓர் அலுவலகமும் ஏற்பட்டன.

அலுவலகத்தின் பெயர் சாலையோர மரம் மற்றும் விளம்பரப் பார்வைப் பிரிவு. ஒரு பெரிய வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தேக்குக் கதவில் ஆணி அடிக்க வீட்டுக்கார ஆச்சி சம்மதிக்கவில்லை. ஆகவே பெயர்ப்பலகையைத் தரையில் வைத்துத் தூணில் சாய்த்திருந்தார்கள். வருகிறவர்கள் அதன் முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டதால் பெயரின் கீழ்ப்பாதி எப்போதும் மறைந்தே இருக்கும். செருப்பைப் பற்றி விதிகளில் ஒன்றும் சொல்லப்படவில்லை.

பிரிவின் தலைவர் உதவிப் பொறியாளர் காசிவிஸ்வநாதன். நேர்மையானவர், கடமை தவறாதவர். எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் பயம். வீட்டில்கூட அச்சுத் தமிழில்தான் பேசுவார் என்று கேள்வி. பொறுப்பேற்ற அன்று ஊழியர் நால்வரையும் நிறுத்திவைத்து ஓர் உரை நிகழ்த்தினார்.

“மரம் வளர்வதற்கு நம்மிடம் விதி கிடையாது. வெட்டுவதற்குத்தான் விதி இருக்கிறது. ஆகவே ஒரு மரம் எப்போது சட்டத்துக்குள் வருகிறது? வெட்டப்படும்போதுதான். நாம் மரங்களுக்கு எதிரிகள் அல்ல. அவற்றைச் சட்டத்துக்குள் அழைத்து வருகிறோம், அவ்வளவுதான்.”

நால்வரும் கைதட்டினார்கள். ஐந்தாவது ஊழியர் இன்னும் நியமிக்கப்படவில்லை.

இனி பெத்தனுக்கு வருவோம். திருக்கோஷ்டியூர் போகிற சாலையில் இரு பக்கமும் புளியமரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் தாரால் ஒரு பட்டை அடித்து, அதன்மேல் வெள்ளையில் நம்பர் போட்டிருக்கும். வருஷாவருஷம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள். ஐம்பது மரம், நூறு மரம் என்று மொத்தமாக எடுக்கும் வியாபாரிகளுக்கு நடுவில், கூலி வேலை செய்யும் பெத்தன் ஒரே ஒரு மரம் எடுத்திருந்தான். நம்பர் நாற்பத்தேழு. மார்கழி பிறந்ததும் அதன் அடியில் ஓலைக் குச்சு ஒன்று போட்டு, கல்லெறிகிற ஆட்களையும் குரங்குகளையும் விரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மாசியில் காய் பழுத்து ஓடு காய்ந்ததும் கிளையை உலுக்கிப் புளி எடுக்க வேண்டும். அந்தப் புளி போய்த்தான் ஆடி மாதம் வரை அவன் வீட்டுக்கு அரிசி வரும். அதற்கு முன்னால் கிளையை வெட்டினால் பச்சைக்காய் அத்தனையும் குப்பை. அரசு வெட்டும் கிளையோடு போகும் காய்க்கு அரசு பொறுப்பல்ல என்று ஏலச் சீட்டில் ஒரு வரி இருந்தது. பெத்தனுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் அந்த வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தார்கள்.

நாற்பத்தேழாம் மரத்துக்குப் பின்னால் அந்த வருஷம் ஒரு பலகை முளைத்தது. வெள்ளிநிலாப் பல்பொடி. ஒரு பெண் டப்பாவைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, வண்டிமாடு போகிற அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். மரத்தின் கிழக்குக் கிளை, இருப்பதிலேயே நிறையக் காய்த்த கிளை, சரியாக அவள் வாய்க்கு நேரே நீண்டிருந்தது. ‘எங்கள் அம்மையாரின் சிரிப்பைப் புளியமரம் பொத்துகிறது’ என்று கம்பெனி ஏஜெண்ட் மெய்யநாதன் பிரிவுக்கு மனுக் கொடுத்தார்.

நான்காம் விதி இப்படிச் சொல்கிறது: முந்நூறு அடி தூரத்திலிருந்து, சராசரி உயரமும் சராசரி அவசரமும் உள்ள ஒரு சாதாரண வழிப்போக்கரின் கண்ணுக்கு, விளம்பரத்தின் முக்கியப் பகுதியில் முக்கால் பங்கு தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மறைக்கும் கிளையை வெட்டலாம்.

தை மாதம் இரண்டாவது வாரம் ஜீப் வந்தது. காசிவிஸ்வநாதன் இறங்கினார். ஓவர்சியர் இறங்கினார். நாடா, கொடி, மைப்பெட்டி எல்லாம் இறங்கின. சாதாரண வழிப்போக்கர் ஒருவர்தான் குறைந்தார்.

சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தினார்கள். அவர் உருளுகிறாரே தவிர நடக்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். மொட்டையடித்த தலையோடு கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வந்தது. “இவர்கள் பெருமாளைப் பார்ப்பதற்காகவே புறப்பட்ட கண்கள். சாதாரணக் கண் எதையும் பார்ப்பதற்காகப் புறப்படாது” என்றார் காசிவிஸ்வநாதன். அப்போது அவர் பார்வை ஓலைக் குச்சின் மேல் விழுந்தது.

“நீ இங்கே என்ன செய்கிறாய்?”

பெத்தன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். “சும்மா உக்காந்திருக்கேங்க.”

“எங்கேயாவது போவதுண்டா?”

“போனா நடந்துதேன் போவேங்க.”

“வழிப்போக்கர். நடை வகை” என்றார் காசிவிஸ்வநாதன். ஓவர்சியர் எழுதிக்கொண்டார்.

“ஐயா, இந்த மரத்த நாந்தேன் ஏலத்துல...”

“கேட்டதற்கு மட்டும் பதில். சாதாரண மனிதன் தானாக விவரம் சொல்ல மாட்டான்.”

மரத்தை ஏலம் எடுத்தவர் பெயர் அலுவலகத்தில் இல்லாமல் இல்லை. அது மகசூல் பீரோவில் இருந்தது. பார்வைக் கோப்பு வேறு பீரோவில் இருந்தது. இரண்டு சாவிகளும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வந்ததில்லை.

பெத்தனை மரத்தோடு நிறுத்தி அளந்தார்கள். ஐந்தடி நாலு அங்குலம். சராசரிக்கு ஓர் அங்குலம் குறைந்தது. துண்டை மடித்துத் தலையில் வைத்ததும் சராசரி ஆனான். பிறகு முந்நூறு அடி தள்ளி நிறுத்திக் கொடியை அசைத்தார்கள். பெத்தன் பயத்தில் விறுவிறுவென்று வந்தான்.

“நில்! இது ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரம். சந்தைக்குப் போகிற அவசரத்தில் வா.”

திரும்பப் போய்ச் சந்தைக்குப் போகிறவனைப்போல வந்தான். அதில் கொஞ்சம் சந்தையிலிருந்து திரும்புகிற சாயல் இருப்பதாக ஓவர்சியர் அபிப்பிராயப்பட்டார். மூன்றாவது நடை ஒத்துக்கொள்ளப்பட்டது.

முக்கியப் பகுதி எது என்று ஒரு கேள்வி எழுந்தது. எழுத்து என்றார், சோதனையைப் பார்க்க வந்திருந்த மெய்யநாதன். சாட்சிக்கு எழுத்துத் தெரியாது, ஆகவே எழுத்து தெரிகிறதா என்ற கேள்வியே எழவில்லை என்று காசிவிஸ்வநாதன் தீர்த்துவிட்டார். பல்பொடிக்குப் பல்தான் முக்கியம்.

“எத்தனை பல் தெரிகிறது?”

பெத்தன் நிமிர்ந்து பார்த்தான். இலைகளுக்கு நடுவில் நாலைந்து வெள்ளை தெரிந்தது. அதற்கு முன்னால் கொத்துக் கொத்தாகப் பச்சைக்காய் தொங்கியது. குறைத்துச் சொன்னால் கிளை போய்விடும் என்பது மட்டும் அவனுக்குப் புரிந்தது. மனுஷனுக்கு மொத்தம் எத்தனை பல் என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்தது.

“முப்பத்திரண்டுங்க.”

ஓவர்சியரின் பேனா நின்றது. “நன்றாக எண்ணினாயா?”

“அம்புட்டும் தெரியுதுங்கய்யா. பளிச்சுன்னு தெரியுது.”

கைரேகை வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு, இன்னார் சாதாரண வழிப்போக்கர் என்றும், இவருடைய பார்வை இப்பிரிவினால் ஏற்கப்பட்டது என்றும் சீல் குத்திய ஒரு சான்றை வாசித்துக் காட்டிக் கொடுத்தார்கள். பெத்தன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி நாகவல்லி விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

“எம்புட்டுன்னு சொன்னீக?”

“முப்பத்திரண்டு.”

“சிரிக்கிறப்ப எந்தப் பொம்பளைக்கு முப்பத்திரண்டும் தெரியும்? கட்டுன பொண்டாட்டி சிரிச்சுக்கூடவா பாத்ததில்ல?”

“நீ எப்ப புள்ள சிரிச்ச?”

நாகவல்லி தூக்குச்சட்டியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். “மாசி வரைக்கும் அந்தக் கெள நிக்கணும். அதுக்காக வாய்க்கு வந்ததச் சொல்லுவீகளா? ஜெயில்ல போட்ருவாக” என்று கிளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆனால் ஜெயிலில் போடுவதற்குப் பிரிவுக்கு நேரம் இல்லை. அங்கே அதைவிடப் பெரிய சிக்கல். பலகைக்கு அனுமதி கேட்டபோது கம்பெனி கொடுத்த வரைபடத்தில் பதினான்கு பல்தான் இருந்தது. பதினான்கில் முப்பத்திரண்டு தெரிந்தால் பார்வை இருநூற்று இருபத்தெட்டு சதவீதம் ஆகிறது. முக்காலுக்குக் குறைந்தால் என்ன செய்வது என்று விதி இருக்கிறது. கூடினால் என்ன செய்வது என்று இல்லை. சாட்சி பொய் சொல்லியிருக்கலாமே என்று ஓவர்சியர் மெல்லக் கேட்டார்.

“சீல் குத்தியாகிவிட்டது” என்றார் காசிவிஸ்வநாதன். “நம் சீல் உள்ள கண் பொய் சொல்லாது. பல்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். மொத்தம் எத்தனை என்று தீர்மானமாகாமல் முக்கால் பங்கு எது என்று எப்படிச் சொல்வது? பல் கணக்குத் தீரும்வரை மரத்தை யாரும் தொடக்கூடாது.”

பெத்தனுக்கு இந்த உத்தரவைக் குச்சுக்கே வந்து வாசித்துக் காட்டினார்கள். அவன் அதன் முதல் பாதியை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான்.

மாசி பிறந்து நாலாம் நாள் ஏணியோடு ஜீப் வந்தது. பலகையை எழுதிய வலையபட்டி பெயிண்டர் மலையாண்டியை மேலே ஏற்றிப் பல்லை எண்ணச் சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான்.

“பதினஞ்சுங்க.”

“அனுமதி பதினான்குக்குத்தானே?”

“வாயி கொஞ்சம் பெரிசாப் போயிருச்சுங்கய்யா. எடம் சும்மா கெடந்துச்சு. மங்கலமா இருக்கட்டுமேன்னு ஒண்ணு கூடப் போட்டேன்.”

பலகையில் பதினைந்து. சாட்சி சொன்னது முப்பத்திரண்டு. மீதிப் பதினேழு எங்கே? தணிக்கைக்காரர்கள் கேட்பார்கள். எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். காசிவிஸ்வநாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

“பெத்தன், வாயைத் திற.”

ஓவர்சியர் பென்சிலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். வெற்றிலை போட்ட வாய். பத்து, பன்னிரண்டு, பதினாறு, உள்ளே ஒன்று. பதினேழு! ‘சாட்சி ஆர்வ மிகுதியால் தம் சொந்தப் பற்களையும் சேர்த்து எண்ணிவிட்டார்’ என்று கோப்பில் குறிப்பு எழுதப்பட்டது. அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காபி வந்தது. கணக்கு இப்படிச் சரியாக வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

இனி அனுமதியில்லாத ஒரு பல்லை நீக்க வேண்டும். பதினைந்தில் அது எது?

“கடைசியாக எழுதியது எதுவோ அதுதான்” என்றார் காசிவிஸ்வநாதன். “எந்த ஓரத்தில் முடித்தாய்?”

“நான் ஓரத்துலருந்து எழுதுறதில்லீக. நடுவுலதேன் ஆரம்பிப்பேன். சிரிப்பு அங்கதான இருக்கு. அப்பறம் இங்குட்டு ஒண்ணு, அங்குட்டு ஒண்ணு.”

“கடைசி?”

“நெனப்பில்லீகய்யா.”

காசிவிஸ்வநாதன் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் அவர் எழுதிய உத்தரவைப் பிரிவில் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ‘ஓரத்துப் பல்லில் ஒன்றை நீக்கினால் ஒரு பக்கத்துக்கு அநீதி ஆகும். இப்பிரிவு பாரபட்சம் காட்டாது. பதினைந்தில் இருபுறமும் ஏழேழு போக, ஜோடி இல்லாமல் நிற்பது நடுப்பல் ஒன்றே. எனவே அதுவே மிகை எனத் தீர்மானிக்கப்படுகிறது.’

மரத்துக்குப் பட்டை அடிக்கிற தாரையே கொண்டுபோய் மலையாண்டி அந்த நடுப்பல்லை அடைத்தான். அடைக்கும்போது அவன் அழுததாகச் சொல்கிறார்கள். பலகையில் பல்பொடி டப்பாவைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, முன்பல் போன ஒரு பெண் சிரித்தாள். நல்லவேளையாகக் கிழக்குக் கிளை இன்னும் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

மெய்யநாதன் அலுவலகத்துக்கு ஓடினார். “என் மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். மரம் இருக்கட்டும். இன்னும் ரெண்டு கிளை வளந்தாலும் நல்லது.”

“இது பார்வைப் பிரிவு. மறைப்புக்கு என்று ஒரு பிரிவு இன்னும் ஏற்படவில்லை. மனு வாபஸுக்கும் விதி இல்லை. பல் தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை கடைசிச் சோதனை. பதினொன்றுக்குக் குறைவாகத் தெரிந்தால் கிளை வெட்டப்படும்.”

செய்தி வெள்ளிக்கிழமையே குச்சுக்கு வந்துவிட்டது. காய் இன்னும் ஒரு வாரம் காய்ந்தால் நல்லது. ஆனால் ஒரு வாரம் யார் கொடுப்பது? சனிக்கிழமை விடிந்ததும் பெத்தன் மரத்தில் ஏறிவிட்டான். நாகவல்லி கீழே சாக்கை விரித்தாள். கிழக்குக் கிளையை அவன் முதல் உலுக்கு உலுக்கியபோது மெய்யநாதன் சைக்கிளில் வந்து விழாத குறையாக இறங்கினார்.

“பெத்தா! உலுக்காதப்பா! எலையெல்லாம் கொட்டுது பாரு. அந்த ஓட்டப் பல்லு வெளிய தெரிஞ்சா என் மானம் போயிரும்!”

“மொதல்ல வெட்டச் சொன்னீக. இப்ப ஆட்டக்கூடக் கூடாதுங்குறீக. மரம் எப்படித்தேன் நிக்கணும்?”

“இப்படியே நிக்கட்டும்.”

“திங்கக்கெழம கோடாலி வருதுங்க. ஒங்களுக்கு மானம் போகும். எங்களுக்குச் சோறு போகும்” என்று மேலிருந்து கத்தினான் பெத்தன்.

மெய்யநாதன் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நின்றார். மனுப் போட்டவர் அவர்தானே. நாகவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சும்மா நிக்கிறதுக்கு இந்தச் சாக்கு முனையப் பிடிங்க” என்றாள். அவர் பிடித்துக்கொண்டார். பொழுது சாயும்வரை புளியும் இலையும் அவர் தலைமேலேயே கொட்டின.

திங்கட்கிழமை கோடாலியோடு ஜீப் வந்தது. பெத்தன் துண்டைத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே முந்நூறு அடி போய், சந்தைக்குப் போகிற அவசரத்தில் வந்தான்.

“எத்தனை?”

“பதினாலுங்கய்யா. நடுவுல ஒரு ஓட்ட.”

“ஓட்டை எண்ணிக்கையில் சேராது. நூறு சதவீதம்!” என்றார் காசிவிஸ்வநாதன். அவர் குரல் தழுதழுத்தது. “பார்த்தீர்களா? வெட்டாமலே விதி நிறைவேறிவிட்டது. மரம் தானே முன்வந்து இலையை உதிர்த்திருக்கிறது. நிர்வாகம் கண்டிப்பாக இருந்தால் தாவரம்கூடக் கட்டுப்படும்.”

பலகையை அதுவரை ஏறெடுத்துப் பார்க்காத ஜனங்கள் அதற்குப் பிறகு பஸ்ஸில் பலகைப் பக்கத்து ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். கண்டக்டர்கள் “ஓட்டப்பல்லு இறங்கு” என்று கூவத் தொடங்கினார்கள். பல்பொடி விற்பனை என்ன ஆயிற்று என்பது பிரிவின் வரம்புக்குள் வராது.

மறுவருஷம் ஏலத்துக்குப் பெத்தனும் நாகவல்லியும் போனார்கள். மகசூல் பீரோவின் சாவியும் பார்வை பீரோவின் சாவியும் அந்த இடைவெளியில் தவறிப்போய் ஒரே நாளில் வந்திருந்தன. அதன் விளைவாக ஏல நிபந்தனைகளில் ஒன்று கூடியிருந்தது. பெத்தனுக்கு அது தெரியாது. மதிப்பாக இருக்கட்டும் என்று சீல் குத்திய சான்றைக் கையோடு கொண்டுபோய் நீட்டினான்.

காசிவிஸ்வநாதன் அதை வாசித்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “சாதாரண வழிப்போக்கர் எவரும் மரம் எடுக்கக் கூடாது. பார்க்கிறவர் வேறு, பறிக்கிறவர் வேறு.”

“ஐயா, நான் அந்த மரத்தடியில உக்காந்திருந்தவந்தானங்க?”

“இல்லை. நீ சாதாரணம். கையெழுத்தே என்னுடையது.”

“சாதாரணமா இல்லாம ஆகுறதுக்கு எங்கிட்டு மனுப் போடணுங்க?”

“அதற்கு அலுவலகம் இல்லை.”

பெத்தன் சான்றை மடித்தான். பிறகு பிரித்தான். நாற்பத்தேழு, நாற்பத்தேழு என்று உள்ளே கூவிக்கொண்டிருந்தார்கள். அப்போது நாகவல்லி அவனைத் தள்ளிவிட்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“எம் பேர எழுதுங்க.”

காசிவிஸ்வநாதன் ஓவர்சியரைப் பார்த்தார். “இந்த அம்மா சாதாரணமா, இல்லையா? உறுதி செய்யாமல் எழுத முடியாது.”

“சாதாரணம் இல்லீக!” என்று பின்னாலிருந்து பெத்தன் கத்தினான். “முப்பது வருசமாப் பாக்குறேன். ஒரு நாளுகூடச் சாதாரணமா இருந்ததில்லீக.”

“உன் வார்த்தையை எப்படி ஏற்பது?”

பெத்தன் சான்றை மேஜைமேல் விரித்து, ஊதாச் சீலின்மேல் விரலை வைத்தான். அவனுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அன்று வாசித்துக் காட்டியது நினைவிருந்தது. “எம் பார்வைய நீங்க ஏத்துக்கிட்டாச்சுன்னு இதுல போட்டுருக்குல்லங்க?”

காசிவிஸ்வநாதன் சான்றைப் படித்தார், விதியைப் படித்தார், மறுபடி சான்றைப் படித்தார். நேர்மையான மனிதர், கடமை தவறாதவர் என்று முதலிலேயே சொன்னேன். பேனாவை எடுத்து ஏலப் புத்தகத்தில் எழுதினார். நாற்பத்தேழு, நாகவல்லி, சாதாரணமல்லாதவர். சீலும் குத்தினார்.

அதை ஓவர்சியர் வாசித்துக் காட்டியதும் நாகவல்லி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், அத்தனை பேர் முன்னாலும் சிரித்தாள். எத்தனை பல் தெரிந்தது என்று பெத்தன் எண்ணவில்லை.